கரும்புத் தோட்டத்தில் சிறுத்தைக் குட்டிகள்

மகாராஷ்டிர மாநிலம், புனே மாவட்டத்திலுள்ள ஜுன்னர் வட்டாரத்தில் கரும்பு மிகுதியாக விளைகிறது. ஆளுயரத்திற்கு மேல் அடர்ந்து வளரும் கரும்பு, ஏறத்தாழ ஓராண்டு வயலில் நிற்கும். உள்ளே நிழலும் மறைவும் உண்டு. அருகில் வாய்க்கால் நீர் உண்டு. ஊர்ப்புறத்து நாய்களும் ஆடுகளும் இரையாகின்றன. ஆதலால் சிறுத்தைகள் பல அங்கேயே தங்கிக் குட்டி ஈனுகின்றன. கரும்புக்குள் பிறந்த குட்டிக்குக் கரும்புதானே காடு!

மழைக்காலம் முடிந்தபின் கரும்பு வெட்டு தொடங்கும். அப்போது சோகைகளுக்கிடையே கண் திறவாத இரண்டு மூன்று குட்டிகள் கிடப்பதைத் தொழிலாளர்கள் காண்பதுண்டு. பார்வைக்கு அவை பூனைக்குட்டிகளைப் போலவே இருக்கும். தாயைக் காணவில்லையே என்று இரங்கி, வீட்டிற்கு எடுத்துச் சென்று பால் புகட்டத் தோன்றுவது இயல்பு. ஆனால், அவ்விரக்கமே குட்டிகளுக்குத் தீங்காக முடியும். தாய் பெரும்பாலும் அவற்றைக் கைவிட்டிருக்காது. இரை தேடச் சென்றிருக்கும்; அல்லது ஆளரவம் கேட்டு அருகிலேயே பதுங்கியிருக்கும். குட்டிகளைத் தேடி அலையும் தாயால் ஊராருக்கும் ஆபத்து நேரலாம். தாயிடம் வேட்டை பழகாத குட்டியோ, வாழ்நாள் முழுவதையும் கூண்டிலேயே கழிக்க நேரிடும். மேலும், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சிறுத்தைக் குட்டியை வீட்டில் வைத்திருப்பது குற்றமாகும்.

எனவே, குட்டிகளைக் கண்டவர்கள் அவற்றைத் தொடாமல், வேலையை நிறுத்தி விலகிச் சென்று, வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஜுன்னருக்கு அருகே மாணிக்டோ என்னும் ஊரில் சிறுத்தை மீட்பு மையம் உள்ளது. அங்கிருந்து வரும் கால்நடை மருத்துவர், குட்டிகளுக்குக் காயம் உண்டா எனப் பார்ப்பார். உடலில் ஒட்டியுள்ள உண்ணிகளை நீக்குவார். பொழுது சாயும் வேளையில், குட்டிகள் கிடந்த இடத்திலேயே அவற்றை ஒரு பெட்டியில் வைப்பர். தாய் அவ்விடத்தைத்தான் தேடி வரும் என்பதால் இடத்தை மாற்றுவதில்லை. அருகில் தானியங்கிக் கேமராவைப் பொருத்திவிட்டு அனைவரும் தொலைவிற்குச் சென்றுவிடுவர்.

மனித வாடை பட்ட குட்டியைத் தாய் ஏற்காது என்று பலர் நம்புகின்றனர். கேமராவில் பதியும் காட்சிகளோ வேறு கதை சொல்கின்றன. இருளில் தாய் மெல்ல வந்து பெட்டியை மோந்து பார்க்கும்; ஒரு குட்டியின் பிடரியைக் கவ்விச் செல்லும்; சற்று நேரத்தில் அடுத்த குட்டிக்காகத் திரும்பி வரும். முதல் இரவில் தாய் வராவிட்டால், மறுநாள் மாலை குட்டிகளை மீண்டும் அங்கேயே வைத்துக் காத்திருப்பர்.