நட்சத்திரங்களுக்கு நாடி பார்க்கிறவர்கள்



பல்சர் என்றதும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு பைக்தான் ஞாபகம் வரும். நான் சொல்லப்போவது வானத்தில் இருக்கும் பல்சர். சூரியனைவிடப் பல மடங்கு பெரிய நட்சத்திரம் ஒன்று எரிந்து முடிந்து வெடிக்கும்போது, சில வேளைகளில் அதன் நடுப்பகுதி நொறுங்கி ஒரு பந்துபோல் ஆகிவிடுகிறது. அந்தப் பந்தின் குறுக்களவு ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான். லண்டன் நகருக்குள் அடங்கிவிடும். எடையோ நம் சூரியனைவிட அதிகம். அது சுழலும்போது, அதிலிருந்து கிளம்பும் ரேடியோ கற்றை கலங்கரை விளக்கின் ஒளிபோல் சுற்றி வருகிறது. கற்றை பூமியைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் தொலைநோக்கியில் ஒரு துடிப்பு பதிவாகிறது.

எங்கள் நர்ஸ் படிப்பில் நாடி பார்ப்பது ஆரம்பப் பாடம். நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணினால் மட்டும் போதாது. சீராக வருகிறதா, விட்டுவிட்டு வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிற காரியத்தை விரல் நுனியில் படும் அந்தச் சின்னத் துடிப்பு காட்டிக்கொடுத்துவிடும். வானியலாளர்களும் இதையேதான் செய்கிறார்கள். பல்சர்களின் துடிப்பை ஆண்டுக்கணக்காக எண்ணி, அதில் தெரியும் நுண்ணிய பிசகிலிருந்து இதுவரை யாரும் அறியாத இயற்பியலைத் தேடுகிறார்கள்.

காகிதத்தில் ஒரு கீறல்

இந்தக் கதை இங்கிலாந்தில்தான் ஆரம்பிக்கிறது. ஜோசலின் பெல் வட அயர்லாந்தில் பிறந்தவர். 11 வயதில் எழுதிய தேர்வுப் பரீட்சையில் தேறாதவர். 1967ல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தார். கம்பம் நட்டு, கம்பி கட்டி, மற்ற மாணவர்களோடு சேர்ந்து தானே அமைத்த ரேடியோ தொலைநோக்கியிலிருந்து தினமும் ஏறக்குறைய 30 மீட்டர் நீளக் காகிதப் பதிவு வெளிவரும். அத்தனையையும் அவர் கண்ணாலேயே பார்த்தார். அதில் அரை சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு கீறல் திரும்பத் திரும்பத் தெரிந்தது. ஏதோ இடைஞ்சல் என்று தள்ளிவிட்டிருக்கலாம். அவர் தள்ளவில்லை. காகிதத்தை வேகமாக ஓடவிட்டுப் பார்த்தபோது 1.33 விநாடிக்கு ஒரு துடிப்பு, அதுவும் பிசகாமல் வந்தது. வேற்றுக்கிரகவாசிகளோ என்று வேடிக்கையாக அதற்கு 'சின்னப் பச்சை மனிதர்கள்' என்று பெயர் வைத்தார்கள். வானத்தின் இன்னொரு மூலையில் அதேபோல் இரண்டாவது ஒன்றும் கிடைத்தபோது, இது இயற்கையின் வேலை என்று தெளிவானது.

1974ல் இதற்காக வழங்கப்பட்ட நோபல் பரிசில் அவருடைய பெயர் இல்லை. அவருடைய மேற்பார்வையாளருக்கு அது போனது. 2018ல் அவருக்கே 30 லட்சம் டாலர் பரிசு ஒன்று கிடைத்தது. வாய்ப்புக் குறைந்த மாணவர்கள் இயற்பியல் ஆராய்ச்சி படிப்பதற்காக அவர் அதை முழுவதுமாகக் கொடுத்துவிட்டார். அவர் குவேக்கர் சபையில் வளர்ந்தவர். இன்றும் அந்தச் சபையைச் சேர்ந்தவர்.

கழித்த பிறகு மிஞ்சுவது

1982ல் விநாடிக்கு 642 தடவை சுழலும் பல்சர் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்த குழுவில் ஸ்ரீநிவாஸ் குல்கர்னி என்ற இந்தியரும் இருந்தார். இந்த வகைப் பல்சர்களில் சில, அணுக் கடிகாரத்தோடு ஒப்பிடும் அளவுக்குச் சீரானவை.

வேலை எப்படி நடக்கிறது? அடுத்த மாதம் இந்த நாளில் துடிப்பு எப்போது வந்து சேரும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுகிறார்கள். பிறகு உண்மையில் எப்போது வந்தது என்று பார்க்கிறார்கள். இடையில் கழிக்க வேண்டியவை பல. பூமி சூரியனைச் சுற்றுவதால் மட்டுமே துடிப்பு 8 நிமிடம்வரை முந்தலாம், பிந்தலாம். விண்வெளியில் சிதறிக் கிடக்கும் எலெக்ட்ரான்களும் அதைத் தாமதப்படுத்தும். தெரிந்த காரணங்களையெல்லாம் கழித்த பிறகு, நல்ல பல்சர்களில் மிஞ்சும் வித்தியாசம் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. புதிய செய்தி இருந்தால், அந்த மிச்சத்தில்தான் இருக்கும்.

இது வெறும் நம்பிக்கை அல்ல, முன்பே பலன் தந்த வழி. 1974ல் ஹல்ஸ், டெய்லர் என்ற இருவர் இன்னொரு நட்சத்திரத்தோடு ஜோடியாகச் சுற்றும் பல்சரைக் கண்டார்கள். ஐன்ஸ்டைனின் கணக்கு சொன்னபடியே அந்த ஜோடியின் சுற்றுப்பாதை மெல்லச் சுருங்கி வந்தது. ஈர்ப்பு அலைகளுக்குக் கிடைத்த முதல் சான்று அது; 1993ல் நோபல் பரிசும் வந்தது. 1992ல் இன்னொரு பல்சரின் துடிப்பில் இருந்த பிசகை வைத்து, அதைச் சுற்றும் கிரகங்களைக் கண்டுபிடித்தார்கள். நம் சூரிய மண்டலத்துக்கு வெளியே உறுதி செய்யப்பட்ட முதல் கிரகங்கள் அவைதான்.

எல்லாருடைய நாடியும் ஒன்றாகத் தப்பினால்?

2015ல் அமெரிக்காவில் 4 கிலோமீட்டர் நீளக் கருவிகள் ஈர்ப்பு அலையை நேரடியாகப் பிடித்தன. அது ஒரு நொடிக்குள் கடந்து போகும் அலை. ஒரு தடவை ஏறி இறங்கவே பல ஆண்டுகள் எடுக்கும் அலைகளும் உண்டு. அவற்றைப் பிடிக்கப் பூமியில் இடம் போதாது. ஆகவே, நம் பால்வெளி முழுவதும் பரவியிருக்கும் பல்சர்களையே கருவியாக வைத்துக்கொண்டார்கள். அலை கடந்து போகும்போது ஒரு பல்சரின் துடிப்பு கொஞ்சம் முந்தும், இன்னொன்றுடையது பிந்தும்.

இங்கே ஒரு சந்தேகம் வரவேண்டும். வார்டில் இருக்கும் அத்தனை பேருடைய நாடியும் ஒரே நேரத்தில் வேகமாகிவிட்டால், முதலில் உங்கள் கைக்கடிகாரத்தைத்தான் பார்க்க வேண்டும்! எல்லாப் பல்சரும் ஒரே மாதிரி பிசகினால் கோளாறு நம் கடிகாரத்தில். வானத்தின் ஒரு பக்கம் முந்தி, எதிர்ப்பக்கம் பிந்தினால், பூமி இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்திருக்கிறோம். ஈர்ப்பு அலையின் கையெழுத்து வேறு. அருகருகே தெரியும் இரண்டு பல்சர்கள் ஒத்துப்போகும். ஏறக்குறைய செங்கோணத்தில் இருப்பவை கொஞ்சம் எதிரும் புதிருமாக நடக்கும். நேரெதிரே இருப்பவை மறுபடியும் ஓரளவு ஒத்துப்போகும். ஹெல்லிங்ஸ், டவுன்ஸ் என்ற இருவர் 1983லேயே இதைக் கணக்கிட்டு வைத்தார்கள்.

2023 ஜூன் மாதக் கடைசியில் பல குழுக்கள் ஒரே நேரத்தில் முடிவுகளை வெளியிட்டன. வட அமெரிக்காவின் நானோகிராவ் குழு 67 பல்சர்களின் 15 ஆண்டுப் பதிவில் 2,211 ஜோடிகளை ஒப்பிட்டுப் பார்த்து, அந்தக் கையெழுத்தைக் கண்டது. ஐரோப்பியக் குழுவும் இந்தியக் குழுவும் சேர்ந்து 25 பல்சர்களை ஆராய்ந்தன. ஆஸ்திரேலியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் முடிவுகள் வந்தன. ஐரோப்பியக் குழுவின் தொலைநோக்கிகளில் ஒன்று, செஷையரில் இருக்கும் ஜோட்ரெல் பாங்கின் பெரிய வட்டில். இந்தியக் குழு பயன்படுத்தியது, புனேக்கு வடக்கே 30 வட்டில்கள் கொண்ட தொலைநோக்கி. அந்தக் குழு ஆரம்ப நாட்களில் ஊட்டி மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் தொலைநோக்கியையும் பயன்படுத்தியது. சென்னையின் கணித அறிவியல் நிறுவனத்துக்கும் இதில் பங்கு உண்டு.

அறிகுறி தெரிகிறது, காரணம்?

காய்ச்சல் ஓர் அறிகுறி. டெங்குவாலும் வரும், சாதாரணச் சளியாலும் வரும். இந்த அலைகளும் அப்படித்தான்.

பெரும்பாலோர் நினைப்பது, இவை ராட்சதக் கருந்துளை ஜோடிகளிலிருந்து வருகின்றன என்பது. பால்வெளிகள் மோதிச் சேரும்போது அவற்றின் நடுவில் இருக்கும் கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றத் தொடங்கும். பிரபஞ்சம் எங்கும் அப்படிச் சுற்றும் ஜோடிகளின் அலைகள் சேர்ந்து, சந்தைக்கடை இரைச்சல்போல் நம்மிடம் வந்து சேரலாம்.

ஆனால் வேறு காரணங்களும் பொருந்துகின்றன. பிரபஞ்சம் உருவான முதல் கணங்களில் தண்ணீர் கொதிப்பதுபோல் ஒரு நிலைமாற்றம் நடந்து, அதன் குமிழிகள் மோதியிருக்கலாம். அண்ட இழைகள் என்று அழைக்கப்படும் மெல்லிய ஆற்றல் கோடுகள் அதிர்ந்திருக்கலாம். இவை நம் பாடப்புத்தக இயற்பியலுக்கு அப்பாற்பட்டவை. நானோகிராவ் குழு இப்படிப்பட்ட விளக்கங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, தனிக் கட்டுரையே வெளியிட்டது. சில விளக்கங்கள் கருந்துளைகளைவிடக்கூடக் கொஞ்சம் நன்றாகப் பொருந்தின. ஆனாலும் 'புதிய இயற்பியல் கிடைத்துவிட்டது' என்று அவர்கள் சொல்லவில்லை. கருந்துளை ஜோடிகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததே கொஞ்சம்தான். அதனால் கொஞ்சம் நன்றாகப் பொருந்துவது மட்டும் போதாது.

தேடிக் கிடைக்காததும் பயன்தான். கரும்பொருள் மிக மிக இலேசான துகள்களால் ஆனது என்றால், பல்சர் துடிப்பில் ஓர் ஊசலாட்டம் தெரிய வேண்டும். ஐரோப்பியக் குழு தேடியது; காணவில்லை. ஆகவே, குறிப்பிட்ட ஓர் எடை வரம்புக்குள் இருக்கும் துகள்களே கரும்பொருள் முழுவதும் என்று இனிச் சொல்ல முடியாது.

அவசரப்படாதவர்கள்

என் மனதைத் தொட்டது இதுதான். 2023க்கு முன்பே நானோகிராவின் பன்னிரண்டரை ஆண்டுப் பதிவில் எல்லாப் பல்சர்களுக்கும் பொதுவான ஒரு பிசகு தெரிந்தது. ஆனால் ஜோடிகளுக்கிடையே அந்தக் கையெழுத்து தெளிவாகத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதிவிட்டு, இன்னும் சில ஆண்டுகள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். 2023லும் அவர்கள் சொன்ன வார்த்தை 'சான்று' என்பதே. இது தற்செயலாக அமைய வாய்ப்பு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்று அல்லது அதற்கும் குறைவு. இயற்பியலில் 'கண்டுபிடிப்பு' என்று சொல்ல, அது 35 லட்சத்தில் ஒன்று என்ற அளவுக்கு இறங்க வேண்டும்.

அதே செய்தி வாட்ஸ்அப்பில் 'பிரபஞ்சம் பிறந்த சத்தம் கேட்டுவிட்டது' என்று சுற்றினால், எதை நம்புவீர்கள்? ஓர் அறிகுறியை வைத்து முடிவுக்குத் தாவுவது மனித சுபாவம். நண்பன் ஒருவன் ஒரு வாரம் பேசாவிட்டால் காரணத்தை நாமே எழுதிவிடுகிறோம். அறிகுறியை அலட்சியமும் செய்யாமல், காரணத்தை அவசரப்பட்டு அறிவிக்காமலும் இருப்பது கடினம். அந்தக் கீறலைத் தள்ளிவிடாத ஜோசலினும், பெரிய வார்த்தையை இன்னும் சொல்லாத இந்தக் குழுக்களும் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டுகளில் பதில் தெளிவாகலாம். வானத்தின் சில திசைகளிலிருந்து மட்டும் அலை பலமாக வந்தால் கருந்துளைகள் என்ற எண்ணம் வலுப்படும். எல்லாத் திசையிலும் ஒரே சீராக இருந்தால் ஆதிகாலக் காரணங்கள் பக்கம் பார்வை திரும்பும். விடுமுறையில் மான்செஸ்டர் பக்கம் போனால் ஜோட்ரெல் பாங்கைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வாலிபர் கூடுகையில் பேசிப் பார்க்க

1. மற்றவர்கள் 'ஒன்றுமில்லை' என்று விட்டதை நீங்கள் விடாமல் கவனித்தது உண்டா? என்ன தெரியவந்தது?

2. 'இன்னும் தெரியாது' என்று சொல்வது ஏன் நமக்குக் கஷ்டமாக இருக்கிறது?

3. பலன் கிடைக்க 15 ஆண்டுகள் ஆகும் என்று தெரிந்தால், எந்த வேலையை நீங்கள் இன்றைக்கே ஆரம்பிப்பீர்கள்?