புகார் கொடுத்தீர்கள் சரி, நம்பர் வாங்கினீர்களா?

கம்ப்யூட்டர் வாங்கியவுடன் பில்லையும் வாரண்டி கார்டையும் பத்திரமாக எடுத்து வைக்கிறோம். ஆன்டி வைரஸ் போடுகிறோம். பாஸ்வேர்ட் வைக்கிறோம். அந்த லேப்டாப்பே திருட்டுப் போனால் என்ன செய்வீர்கள்? இன்டர்நெட் வழியாக யாரோ உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துவிட்டால்? "போலீசில் புகார் கொடுப்போம்" என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். புகார் கொடுப்பது பாதி வேலைதான். அந்தப் புகாருக்கு ஒரு எண் வாங்குவது மீதிப் பாதி.

நான் சாப்ட்வேர் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். எங்கள் அலுவலகத்தில் "என் கம்ப்யூட்டர் ஓடவில்லை" என்று வாயால் சொன்னால் யாரும் எழுந்து வரமாட்டார்கள். புகாரைப் பதிவு செய்து ஒரு நம்பர் வாங்க வேண்டும். அந்த நம்பரைச் சொன்னால்தான் வேலை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்க முடியும். போலீஸ் புகாரும் ஏறக்குறைய இப்படித்தான். எண் இல்லாத புகாரைப் பின்தொடர வழியே இல்லை.

இதில் குழப்பம் என்னவென்றால், எண் ஒன்று அல்ல. பல வகை உண்டு. எது எதற்கு உதவும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சி.எஸ்.ஆர். எண்

தமிழ்நாட்டில் காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் முதலில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது. கம்யூனிட்டி சர்வீஸ் ரிஜிஸ்டர் என்ற பதிவேட்டின் சுருக்கம் இது. உங்கள் மனு இன்ன தேதியில் இந்த நிலையத்துக்கு வந்தது என்பதற்கு இது சாட்சி. ஆனால் வழக்குப் பதிவாகிவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. ரசீதில் நிலையத்தின் பெயர், எண், தேதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்.ஐ.ஆர். எண்

முதல் தகவல் அறிக்கை எனப்படும் எப்.ஐ.ஆர். தான் வழக்கின் தொடக்கம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 173-ஆவது பிரிவு இதைப் பற்றிச் சொல்கிறது. எப்.ஐ.ஆர். நகலைப் புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். இதற்கு ஒரு ரூபாயும் கட்டணம் கிடையாது. குற்றம் நடந்த இடம் வேறு நிலையத்தின் எல்லைக்குள் வந்தாலும் நீங்கள் போன நிலையத்திலேயே புகாரைப் பதிவு செய்யலாம். இதைத்தான் ஜீரோ எப்.ஐ.ஆர். என்கிறார்கள். பிறகு அது உரிய நிலையத்துக்கு மாற்றப்பட்டு அங்கே வழக்கமான எண் பெறும். அந்தப் புதிய எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

டேட்டாபேஸ் படித்தவர்களுக்கு இங்கே ஒரு விஷயம் உடனே புரியும். எப்.ஐ.ஆர். எண் ஒவ்வொரு நிலையத்திலும் ஒவ்வோர் ஆண்டும் 1-லிருந்து தொடங்கும். 145/2025 என்ற எண் பட்டுக்கோட்டையிலும் இருக்கலாம், பாளையங்கோட்டையிலும் இருக்கலாம். ஆகவே எண்ணை மட்டும் குறித்து வைத்தால் பயனில்லை. மாவட்டம், நிலையம், ஆண்டு, எண் ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் அது உங்கள் வழக்கு.

சைபர் கிரைம் புகார் எண்

இணையம் வழியாகப் பணம் பறிபோனால் அழைக்க வேண்டிய எண் 1930. இந்த உதவி ஏற்பாடு 2021-இல் 155260 என்ற எண்ணுடன் தொடங்கி, பிறகு 1930-க்கு மாறியது. பழைய எண்ணை எங்காவது எழுதி வைத்திருந்தால் அடித்துவிட்டுப் புதியதை எழுதுங்கள். 2019 முதல் செயல்படும் தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் நேரடியாகப் புகார் செய்யலாம். முகவரி: சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்.

1930-ஐ அழைத்தால் உங்கள் மொபைலுக்கு ஒரு புகார் எண் எஸ்.எம்.எஸ்.ஸில் வரும். அதை வைத்துக்கொண்டு 24 மணி நேரத்துக்குள் இணையதளத்தில் முழு விவரத்தையும் பதிவு செய்து முடிக்க வேண்டும். வங்கியின் பெயர், பணம் போன தேதி, தொகை, பரிமாற்றத்தின் 12 இலக்க எண், உங்கள் அடையாள அட்டையின் ஸ்கேன் காப்பி ஆகியவை கையில் இருக்கட்டும்.

இங்கே வேகம்தான் முக்கியம். மோசடிப் பணம் ஒரே கணக்கில் நிற்பதில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து மூன்றாவதற்கு என்று ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் சொன்ன தகவல் வங்கிகளுக்குப் போய்ச் சேரும்போது பணம் எந்தக் கணக்கில் மிச்சம் இருக்கிறதோ, அங்கேதான் அதை நிறுத்தி வைக்க முடியும்.

எங்கள் மாடி வீட்டில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியருக்கு இதுதான் நடந்தது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவன், அவருடைய புதுக் கம்ப்யூட்டரில் ஒரு சாப்ட்வேரை இறக்கச் சொல்லி, தூரத்திலிருந்தே திரையைப் பார்த்து 48,000 ரூபாயை எடுத்துவிட்டான். சார் மறுநாள் காலையில் ஒரு வெள்ளைத் தாளில் புகார் எழுதி நிலையத்தில் கொடுத்துவிட்டு வந்தார். ரசீது தரவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து வங்கியில் "புகார் எண் என்ன?" என்றார்கள். அவரிடம் பதில் இல்லை. அன்று மாலை என்னிடம் வந்தார். 1930-ஐ அழைத்து எண் வாங்கினோம். மறுநாள் நிலையத்துக்குப் போய் சி.எஸ்.ஆர். ரசீதும் வாங்கினோம். கடைசியில் ஒரு கணக்கில் நிறுத்தி வைக்க முடிந்தது 6,000 ரூபாய்தான். மீதி எப்போதோ கைமாறிப் போயிருந்தது. அந்த 6,000-ஐத் திரும்பக் கேட்கப் போன இடத்திலெல்லாம் முதலில் கேட்டது அந்த எண்ணைத்தான்.

ஒன்றை மறக்க வேண்டாம். இணையதளம் தரும் புகார் எண்ணும் எப்.ஐ.ஆர். எண்ணும் ஒன்றல்ல. புகார் உங்கள் மாநிலப் போலீசுக்கு அனுப்பப்படும். அங்கே வழக்குப் பதிவானால் தனி எண் கிடைக்கும்.

திருட்டுப் போனது மொபைலா, லேப்டாப்பா?

மொபைல் என்றால் ஒரு வசதி உண்டு. மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் உள்ள சி.இ.ஐ.ஆர். பகுதியில் அந்த மொபைலை எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாதபடி முடக்கலாம். அதற்கான படிவத்திலேயே போலீஸ் புகார் எண்ணையும் புகார் நகலையும் கேட்கிறார்கள். ஆகவே முதலில் புகார் எண், பிறகு டூப்ளிகேட் சிம், அதன் பிறகு முடக்கம் என்ற வரிசையில் போங்கள். ஓ.டி.பி. வருவதற்கு சிம் வேண்டும் அல்லவா? படிவத்தை அனுப்பியதும் ஒரு கோரிக்கை எண் வரும். மொபைல் திரும்பக் கிடைத்தால் முடக்கத்தை நீக்க அந்த எண்தான் தேவை.

சாதாரண லேப்டாப்புக்கு ஐ.எம்.இ.ஐ. எண் கிடையாது. அதற்குச் சீரியல் நம்பர்தான் அடையாளம். லேப்டாப்பின் அடிப்பக்கத்திலோ, வந்த பெட்டியின் மேலோ, பில்லிலோ இருக்கும். புகாரில் "கறுப்பு நிற லேப்டாப் ஒன்று" என்று எழுதினால், நாளை நூறு கறுப்பு லேப்டாப் பிடிபட்டாலும் உங்களுடையது எது என்று காட்ட முடியாது.

புகாரில் இன்னொரு சொல்லிலும் கவனம் தேவை. திருட்டு என்றால் திருட்டு என்றே எழுதுங்கள். "காணவில்லை" என்று எழுதினால் தொலைந்த பொருள் என்றே எடுத்துக்கொள்வார்கள். திருட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் பணம் கேட்கும்போது இது இடிக்கும். இன்சூரன்ஸ் நிறுவனங்கள் பெரும்பாலும் எப்.ஐ.ஆர். நகலைத்தான் கேட்கும். பாலிசியில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று முன்பே படித்துவிடுங்கள்.

ஆன்லைனில் புகார் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவை இணையதளத்தில் இதற்கு வசதி இருக்கிறது. முகவரி: இசர்வீசஸ் டாட் டிஎன்போலீஸ் டாட் கவ் டாட் இன். அதே இடத்தில் சி.எஸ்.ஆர். நிலை, எப்.ஐ.ஆர். நிலை ஆகியவற்றையும் பார்க்கலாம். மேலே சொன்ன நான்கு விவரங்களும் இங்கே உதவும்.

எப்.ஐ.ஆர்.களைப் பதிவான 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற வழக்குகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

மின்னணு வழியில் கொடுக்கும் தகவலில் ஒரு நிபந்தனை இருக்கிறது. கொடுத்தவர் மூன்று நாட்களுக்குள் அதில் கையெழுத்திட வேண்டும். 'சென்ட்' பட்டனை அழுத்தியதோடு வேலை முடிந்தது என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

எண் தர மறுத்தால்?

இரண்டு பிரதிகள் எழுதிக் கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றில் தேதியும் முத்திரையும் கேளுங்கள். பெரும்பாலும் இதிலேயே வேலை முடிந்துவிடும். எப்.ஐ.ஆர். பதிவு செய்ய மறுத்தால், புகாரின் சாரத்தை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். பதிவுத் தபாலில் அனுப்பி அந்த ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கும் பலன் இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு செய்யச் சட்டம் வழி தருகிறது.

வழக்குப் பதிவான பிறகும் உங்களுக்கு உரிமை உண்டு. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 193-ஆவது பிரிவு சொல்கிறது.

எண் கிடைத்தவுடன் அதைச் சமூக வலைத்தளங்களில் போட்டுவிடாதீர்கள். "உங்கள் புகார் எண் இதுதானே? பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று அடுத்த மோசடிக்காரன் அழைக்க அது போதும். உண்மையான போலீஸ் உங்கள் ஓ.டி.பி.யைக் கேட்காது, மீட்புக் கட்டணமும் கேட்காது.

இன்றைக்கே செய்ய வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து லேப்டாப்பின் மாடல், சீரியல் நம்பர், வாங்கிய தேதி ஆகியவற்றை எழுதுங்கள். மொபைலில் *#06# என்று அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் வரும். அதையும் எழுதுங்கள். பில்லை ஸ்கேன் செய்து உங்கள் இ-மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் 'ஃபைன்ட் மை டிவைஸ்' வசதியை ஆன் செய்யுங்கள். வங்கியின் உதவி எண்ணையும் 1930-ஐயும் பெரிய எழுத்தில் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

இந்த விவரங்களை லேப்டாப்பில் மட்டும் சேமித்து வைக்காதீர்கள். லேப்டாப்பைக் கொண்டு போகிறவன் அவற்றையும் சேர்த்துத்தான் கொண்டு போவான்.