கோடை வானிலை மாறும்போது குட்டை மீன்களைக் காப்பது எப்படி?

பண்ணைக்குட்டையிலும் ஊர்க் குளத்திலும் கோடையில் மீன்கள் ஒரே இரவில் செத்து மிதப்பது உண்டு. "வெயில் தாங்கவில்லை" என்பார்கள் சிலர். "யாரோ மருந்து கலந்துவிட்டார்கள்" என்று பக்கத்துக் காட்டுக்காரரைச் சந்தேகிப்பவர்களும் உண்டு. ஆனால் அது நடந்த நாளை விசாரித்துப் பார்த்தால், பெரும்பாலும் அது கொளுத்தும் வெயில் நாளாக இராது. பத்துப் பதினைந்து நாள் நன்றாகக் காய்ந்து, பிறகு வானம் மூடி, காற்று நின்று, புழுக்கமாக இருந்த நாளின் மறுநாள் விடியற்காலையாக இருக்கும். அல்லது இடியுடன் கோடை மழை கொட்டிய இரவாக இருக்கும். வெயில் மீனை வாட்டுகிறது. கொல்வதோ பெரும்பாலும் வானிலை மாறும் அந்த ஒன்றிரண்டு நாட்களே. அந்த நாட்களை முன்கூட்டி அறிந்து நடந்தால், எட்டு மாதம் தவிடும் புண்ணாக்கும் போட்டு வளர்த்த மீனைக் காப்பாற்றிவிடலாம்.

நீரில் கரைந்த பிராணவாயு

மீன் சுவாசிப்பது நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை. நீர் சூடாக ஆக அதில் கரையும் பிராணவாயு குறையும். 20 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் கரைந்து நிற்கும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான் நிற்கும்; 35 டிகிரியில் 7 மில்லிகிராம். வரவு இப்படிக் குறைய, செலவோ கூடுகிறது. நீரின் வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் மீனின் பிராணவாயுத் தேவை ஏறக்குறைய இரு மடங்காகும். குட்டையின் அடியில் சேறாகக் கிடக்கும் சாணம், தின்னாத தீனி, இலை தழை ஆகியவை மட்குவதும் வெப்பத்தில் விரைவாக நடக்கும். அதற்கும் இதே பிராணவாயுதான் வேண்டும்.

கட்லா, ரோகு, மிர்கால் போன்ற கெண்டை இனங்களுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நலம். 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் தீனியில் நாட்டம் குறையும். மேலும் குறைந்தால் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளக்கும். விரால் மீனுக்கு இந்தத் தொல்லை குறைவு. அது மேலே வந்து வெளிக்காற்றையே சுவாசிக்க வல்லது. சேற்றுக் குட்டையில் விரால் மட்டும் பிழைத்துக் கிடப்பதன் காரணம் இதுவே.

பச்சை நீர் தரும் கடன்

குட்டை நீருக்குப் பச்சை நிறம் தரும் நுண்பாசிகள் பகலில் வெயிலைக் கொண்டு பிராணவாயுவை வெளிவிடுகின்றன. பயிரின் பச்சை இலை செய்யும் அதே வேலைதான். இரவில் அவையும் மீனைப் போலவே பிராணவாயுவை உட்கொள்ளும். எனவே குட்டையில் பிராணவாயு பிற்பகலில் மிக அதிகமாகவும், விடிவதற்குச் சற்று முன் மிகக் குறைவாகவும் இருக்கும். பகலில் சேர்த்ததை இரவில் செலவு செய்து மறுநாள் வெயிலை எதிர்பார்த்துக் காலம் தள்ளும் குடும்பம் அது. ஒரு நாள் வானம் மூடினால் வரவு குறையும், செலவு குறையாது. இரண்டு நாள் தொடர்ந்து மூடினால் விடியற்காலையில் கையிருப்பு தீர்ந்துவிடும். நீர் எவ்வளவு பச்சையோ அவ்வளவு ஆபத்து. "நன்றாகப் பச்சை பிடித்திருக்கிறது, இனிக் கவலையில்லை" என்று எண்ணுவது கோடைக்குப் பொருந்தாது.

மேல் நீரும் அடி நீரும்

வெயில் காலத்தில் குளத்தில் இறங்கியவர்களுக்குத் தெரியும்: மேலே வெதுவெதுப்பு, காலடியில் குளிர்ச்சி. சூடான நீர் லேசானது. அது மேலேயே நிற்கும். காற்றடித்துக் கலக்காத வரை இந்த இரண்டும் சேருவதில்லை. வெயில் எட்டாத அடி நீரில் பிராணவாயு நாளுக்கு நாள் தீர்ந்துபோய், சேற்றிலிருந்து கிளம்பும் நாற்ற வாயுக்கள் சேர்ந்துவிடும். அப்போது குட்டை 2 மீட்டர் ஆழமிருந்தாலும் மீனுக்குப் பயன்படுவது மேலிருக்கும் பாதிதான்.

தூண்டில் போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். கோடையில் காலை, மாலை இரு வேளையும்தான் மீன் கடிக்கும். உச்சி வெயிலில் நிழலையோ ஆழத்தையோ தேடும் என்பார்கள். அந்த ஆழத்தில் பிராணவாயு இல்லாமற்போனால், மேலே சூடு, கீழே மூச்சுமுட்டல் என்று மீன் நடுவில் அகப்பட்டுக்கொள்கிறது. இந்த நிலையில் பெருங்காற்றுடன் குளிர்ந்த மழை கொட்டினால் மேல் நீர் குளிர்ந்து கீழே இறங்க, கெட்ட அடி நீர் முழுவதும் கலந்துவிடும். சில மணி நேரத்திலேயே குட்டை முழுதும் பிராணவாயு விழுந்துவிடும். ஊரே மழையைக் கண்டு மகிழ்ந்திருக்கும் இரவில் மீன் சாவது இப்படித்தான்.

கடலோரத்தில் உவர்நீர்க் குட்டைகளில் கொடுவா மீன் வளர்ப்போருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கோடையில் நீர் ஆவியாகி உப்பு ஏறியிருக்கும். திடீர் மழையின் நன்னீர் அதன்மேல் தனிப் படலமாக நிற்பதால் கீழே காற்றுப் புகாது. மேல் நீரை மதகு வழியே வடித்துவிடுவது நல்லது.

கோடை ஒன்றைப் போல் ஒன்றில்லை

பழைய கணக்கில் அக்கினி நட்சத்திரம் வரை காய்ச்சல், பிறகு தென்மேற்குக் காற்று என்று இருந்தோம். அண்மை ஆண்டுகளைப் பாருங்கள். 2024 ஏப்ரலில் ஈரோடு, சேலம் போன்ற உள் மாவட்டங்களில் வெப்பம் பல நாட்கள் 40 டிகிரியைத் தாண்டியது. அடுத்த மாதமே கோடை மழை கொட்டி, மே 17 அன்று குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்தது. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை 2023-இல் ஜூன் 8 அன்று தொடங்கியது. 2024-இல் மே 30 அன்று. 2025-இல் மே 24 அன்றே தொடங்கிவிட்டது. ஆகவே நாட்காட்டியைப் பார்த்துத் தீனி போடுவதும் பிடிப்பதும் இனிப் போதாது. வானத்தையும் வானிலை மையத்தின் அறிவிப்பையும் பார்க்க வேண்டும்.

முன்னதாகச் செய்ய வேண்டியவை

முதலில் நீரின் ஆழம். தமிழ்நாட்டின் கோடையில் நாளொன்றுக்கு 6 முதல் 8 மில்லிமீட்டர் வரை நீர் ஆவியாகப் போகும். மாதத்துக்கு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். பயிருக்கு இறைப்பது தனி. வாடும் பயிருக்கும் மீனுக்கும் ஒரே குட்டைதான் என்னும்போது உழவர் படும் பாடு தெரிந்ததே. ஒன்று செய்யலாம். இறைக்கும்போது குழாயின் அடி வால்வை மேல்மட்டத்தில் மிதக்கவிடாமல், சேறு இழுக்காத அளவுக்கு அடியில் இறக்கி வையுங்கள். கெட்ட அடி நீர் சத்தோடு பயிருக்குப் போகும். நல்ல மேல் நீர் மீனுக்கு நிற்கும். நீர் மட்டம் 1 மீட்டருக்குக் கீழே வருமானால் மீனைப் பிடித்துவிடுவதே சரி. விலை ஏறட்டும் என்று அந்த ஆழத்தில் காத்திருப்பது சூதாட்டம்.

அடுத்தது நீரின் பச்சை. முழங்கை வரை கையை நீரில் விட்டு உள்ளங்கையைப் பாருங்கள். மங்கலாகத் தெரிந்தால் அளவு சரி. மணிக்கட்டைத் தாண்டியதுமே கை மறைந்தால் பச்சை மிகுந்துவிட்டது. உடனே சாணம், யூரியா, சூப்பர் பாஸ்பேட் இடுவதை நிறுத்தி, தீனியைப் பாதியாக்கி, கிணற்று நீர் இருந்தால் கொஞ்சம் பாய்ச்சுங்கள். வானம் மூடிய நாட்களில் தீனியே வேண்டாம். ஒரு நாள் பட்டினியால் கெண்டை இளைத்துவிடாது. தின்னாத புண்ணாக்கு அழுகினால்தான் கேடு.

ஏக்கருக்கு 2000 குஞ்சுகள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. கோடையில் நீர் வற்றும் குட்டையில் இதையும் குறைத்துக்கொள்ளலாம். பெரியவற்றை மார்ச் மாதத்திலேயே பிடித்து விற்றுவிட்டால் மிஞ்சியவை தாராளமாக வளரும். அப்படி ஒரு பகுதியை மட்டும் பிடிக்கும்போது விடியற்காலையில் வலை இழுக்காதீர்கள். பிராணவாயு குறைந்த அந்த நேரத்தில் சேறும் கலங்கினால், குட்டையில் விட்டுவைக்கும் மீன் சாகும். வானம் தெளிந்த நாளில், வெயில் ஏறி ஓரிரு மணி நேரம் கழித்து இழுக்கலாம்.

மீன் மேலே வந்துவிட்டால்

புழுக்கமான நாட்களில் அதிகாலை 4 மணிக்கு ஒருமுறை டார்ச் விளக்குடன் குட்டையைச் சுற்றி வாருங்கள். மீன்கள் கூட்டமாக மேலே நின்று வாய் பிளந்தால் உடனே செயல்பட வேண்டும். குறிப்பாக மிர்கால் அடிமட்டத்தில் மேயும் மீன். அதுவே மேலே வந்துவிட்டால் தாமதிக்க நேரமில்லை. மோட்டாரைப் போட்டுக் குட்டையின் மேல் நீரையே எடுத்து, பலகை அல்லது கல்லின்மேல் விழுந்து சிதறும்படி திரும்பக் குட்டையில் விடுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரிலும் பிராணவாயு குறைவாகவே இருக்கும். அதையும் சிதறவிட்டே சேர்க்க வேண்டும். மின்சாரம் இல்லையென்றால் நாலைந்து பேர் மூங்கில் கழியால் மேல் நீரை அடிக்கலாம். சேற்றைக் கிளறக்கூடாது. வெயில் நன்றாக ஏறும் வரை நிறுத்தாதீர்கள்.

சிலர் அந்த நேரத்தில் சுண்ணாம்பைக் கொட்டுகிறார்கள். சுண்ணாம்பு பிராணவாயு தராது. பச்சை மிகுந்த நீரில் பிற்பகலில் ஏற்கனவே காரத்தன்மை ஏறும். அதனுடன் சுண்ணாம்பும் சேர்ந்தால் நீரிலுள்ள அம்மோனியா கடும் நஞ்சாக மாறும். மழை வெள்ளம் செம்மண்ணை அடித்து வந்து நீர் கலங்கிப் புளித்திருந்தால் மட்டும், நீரைச் சோதித்துப் பார்த்த பிறகு இடலாம்.

செத்தவற்றை அன்றே அள்ளி எடுத்துவிடுங்கள். மிதந்து அழுகும் மீன் மறுநாள் இரவில் மிச்சப் பிராணவாயுவையும் தின்றுவிடும். தென்னை மரத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளிக் குழி வெட்டி, அவற்றைப் போட்டு மண்மூடி வையுங்கள். நாய் தோண்டாதபடி மேலே முள் போட்டால் போதும். தீனியை மூன்று நாள் நிறுத்தி, நான்காம் நாள் கால் பங்கிலிருந்து தொடங்குங்கள்.