உயர்த்திய லாரியும் அலையும் சக்கரமும்

கரட்டு நிலத்தில் ஓட்டுதற்பொருட்டு லாரியின் முன்புறத்தை உயர்த்துவோர், பின்னர் அது நேரே செல்லாது அலைகின்றதென வருந்துவர். விரைந்தோடுங்கால் இவ்வலைவு உயிர்க்கே இடராம். காரணம் யாதோவெனின், 2005-ஆம் ஆண்டு மாதிரி முதலாக, நான்கு சக்கரங்களும் உந்தப்பெறும் ஃபோர்டு எப்-250 லாரியில், முன் அச்சைப் பிணைக்கும் இரு நீண்ட கைகளின் பின்முனைகள் வண்டிச் சட்டத்திலே பொருந்தியுள்ளன. நெடிய சுருள்வில்லிட்டுச் சட்டத்தை உயர்த்தின் அம்முனைகளும் உடனெழும். கைகளோடு இறுகிய அச்சோ முன்னோக்கிச் சற்றே புரளும். ஆகவே, சக்கரம் எக்கோட்டைச் சுற்றித் திரும்புகின்றதோ அதன் பின்சாய்வு குறைந்துபோம். 'காஸ்டர்' எனப்படும் இச்சாய்வே திரும்பிய சக்கரத்தை நேர்நிலைக்கு மீட்பது. (மிதிவண்டியின் முன்கவையும் இங்ஙனம் சாய்ந்திருத்தல் காண்க.) இஃதறியாதார், சக்கரங்களின் முன்முகம் உட்குவிதலும் வெளிவிரிதலுமாகிய 'டோ'வை மட்டுமே திருத்தி ஏமாறுவர். கைகளின் பின்முனைகளைத் தாழ்த்தும் தாங்கிகளை முதற்கண் பொருத்திச் சாய்வை மீட்டல் வேண்டும். டோவைத் திருத்துதலும், ஸ்டியரிங் வளையத்தை நடுநிறுத்துதலும் அதன் பின்னரே.