மாங்காய் வத்தல் ஏன் கெடுவதில்லை?

2025 கோடையில் சித்தூர் மாவட்டத்தில் தோத்தாபுரி விலை சரிந்தது. நம் பக்கத்தில் பெங்களூரா, கிளிமூக்கு என்று சொல்லும் அதே மாங்காய்தான். கூழ் ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் கொடுக்க வேண்டும், அதன்மேல் 4 ரூபாய் மானியம் தருகிறோம் என்று ஆந்திர அரசு அறிவித்தது. இப்படி விளைச்சல் தேங்கும்போதெல்லாம் நவீன உலர்த்தி வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பேச்சு எழும். உலர்த்தி நல்ல கருவிதான். ஆனால், பண்டத்தைக் காப்பது அதற்குள் இருக்கும் தண்ணீரின் நிலை. அது புரிந்தால் உப்பும் வெயிலும் ஒரு ஜாடியுமே பல வீடுகளுக்குப் போதும்.

மாங்காய் ஊறுகாயில் சாறு ததும்புகிறது, இருந்தும் அது மாதக்கணக்கில் கெடுவதில்லை. எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு கிருமிக்குக் கிடைக்கிறது என்பதே கணக்கு. இந்த அளவுக்கு 'நீர்ச்செயல்பாடு' என்று பெயர். தூய நீருக்கு அது 1. திருப்பதியை எண்ணிப் பாருங்கள். ஊர் நிறையக் கூட்டம். ஆனால், எல்லோரும் மலைமேல் தரிசன வரிசைக் கூடத்தில் அடைந்திருந்தால், கீழே ஆட்டோக்காரருக்குச் சவாரி கிடைக்காது. உப்புதான் அந்த வரிசை. தண்ணீர் மூலக்கூறுகளைத் தன்னைச் சுற்றி நிறுத்திவிடுகிறது. போதாததற்கு ஆட்டோவில் ஏறிய சவாரியும் இறங்கி வரிசைக்குப் போய்விடும்: கிருமியின் உடலுக்குள் இருக்கும் நீரே சவ்வூடு வெளியேறுகிறது. நீர்ச்செயல்பாடு 0.91-க்குக் கீழே போனால் பெரும்பாலான பாக்டீரியாக்களும், 0.80-க்குக் கீழே பெரும்பாலான பூஞ்சைகளும் வளர்வதில்லை. 0.60-க்குக் கீழே அநேகமாக எதுவும் வளராது. உப்பு முற்றிலும் கரைந்து நிறைந்த நீரில் இது சுமார் 0.75. ஊறுகாயில் அவ்வளவு உப்பு இருக்காது. மீதி வேலையை மாங்காயின் புளிப்பு பார்த்துக்கொள்கிறது. வத்தலிலோ வெயில் தண்ணீரையே குறைத்துவிட, மிச்ச நீரை உப்பு பிடித்துக்கொள்கிறது.

ஆஸ்திரேலிய நுண்ணுயிரியலாளர் வில்லியம் ஜேம்ஸ் ஸ்காட் 1950-களில் கிருமி வளர்ச்சிக்கும் நீர்ச்செயல்பாட்டுக்கும் உள்ள இந்தத் தொடர்பை அளந்து காட்டினார். நம் வீடுகளில் வத்தல் போடும் வழக்கம் அதற்கு வெகுகாலம் முந்தையது.

உப்பு ரத்த அழுத்தத்துக்குக் கேடு என்பது நியாயமான மறுப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாக உப்பு எடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் ஊறுகாய் தொட்டுக்கொள்ள மட்டுமே. வத்தலை ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கலாம். வெயிலில் வைட்டமின் சி குறையும் என்பதும் உண்மை. வீட்டு ஜாடிகள் விவசாயியின் விலையைத் தூக்கிவிடாது என்பதும் உண்மைதான். டன் கணக்கில் வாங்கும் ஆலைகளும் நேர்மையான கொள்முதலுமே அதைச் செய்யும். ஜாடி காப்பது வீட்டை. 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடியது. அப்படியொரு நாளில் மின்சாரம் போனால், மூடிய பிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம்தான் குளிர்ச்சி காக்கும். வத்தலுக்கு மின்சாரமே தேவையில்லை.

ஆகவே இந்தக் கோடையில் கொஞ்சமாவது போட்டு வையுங்கள். ஈ மொய்க்காமல் வலை மூடிக் காயவையுங்கள். ஒடித்தால் முறியும் பதம் வரட்டும். ஈரக் கரண்டி வேண்டாம். அது கொண்டுவரும் சொட்டு நீர் மேற்பரப்பில் உப்பை நீர்க்கச் செய்து பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். புளிப்பில்லாத பூண்டை வெறும் எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைக்காதீர்கள். காற்றில்லாத அந்த இடத்தில் பொட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் நஞ்சு உருவாகலாம். ஜாடியில் தேதி எழுதி, வெள்ளம் எட்டாத பரணில் வையுங்கள்.