நாமினி என்றால் பணம் அவருக்கேவா? குடும்பத் தலைவர் மறைவுக்குப் பின் எழும் சந்தேகங்கள்!

காரியம் முடிந்த கையோடு குடும்பம் ஏறும் முதல் படி, வங்கிப் படிதான். இறப்புச் சான்றிதழையும் அடையாள ஆவணத்தையும் கொடுத்தால் டெபாசிட் தொகை நாமினியின் கைக்கு வந்துவிடும். பல வீடுகளில் மனக்கசப்பு தொடங்குவதும் அங்குதான்.

நாமினி, பணத்தை வாங்கிக்கொள்ளும் உரிமை பெற்றவர் மட்டுமே. உயில் இருந்தால் அதில் உள்ளவர்களுக்கு, இல்லையென்றால் வாரிசுகளுக்கு அவர் அதைச் சேர்க்க வேண்டும். பங்குகளுக்கும் இதுதான் நிலை என 2023-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆயுள் காப்பீடு மட்டும் விதிவிலக்கு. 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் தொகை அவர்களுக்கே சொந்தம்.

சரி, யார் வாரிசு?

உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சுயசம்பாத்தியச் சொத்தில் மனைவி, மகன், மகள், அம்மா எல்லோருக்கும் சமபங்கு. மனைவி, இரண்டு குழந்தைகள், அம்மா என்றால் ஆளுக்குக் கால் பங்கு. பலரும் மறந்துபோவது அம்மாவைத்தான். அப்பாவோ இந்த முதல் வரிசையிலேயே இல்லை! 'என் பங்கு பேரப்பிள்ளைகளுக்கே இருக்கட்டும்' என்று மாமியார் மனதாரச் சொன்னாலும், வீட்டைப் பொறுத்தவரை வாய்வார்த்தை செல்லாது. பதிவு செய்த பத்திரம் வேண்டும். 18 வயது நிரம்பாத பிள்ளையின் பங்கை, பெற்ற தாயே ஆனாலும் நீதிமன்ற அனுமதியின்றி விற்க முடியாது. அவசரத்துக்கு வீட்டை விற்கலாம் என நினைக்கும் பெண்கள் தவிப்பது இந்த இடத்தில்தான்.

சான்றிதழ் பெயர்களும் குழப்புகின்றன. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். தாசில்தார் தருவார். நாமினி இல்லாத பெரிய டெபாசிட், பங்குகள் என்றால் 'சக்சஷன் சர்ட்டிஃபிகேட்' கேட்கலாம். அதை நீதிமன்றம்தான் தரும்.

உயில் இருந்தால்?

பதிவு கட்டாயமில்லை. ஆனால், இரண்டு சாட்சிகளின் கையெழுத்து கட்டாயம். சென்னையில் எழுதிய உயிலுக்கும், சென்னைச் சொத்து பற்றிய உயிலுக்கும் இந்துக்கள் உயர் நீதிமன்றத்தில் 'புரொபேட்' பெற்றாக வேண்டும் என்றிருந்த விதியை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. ஆனாலும், உயிலே பொய் என யாராவது கிளம்பக்கூடும் என்று தோன்றினால் புரொபேட் வாங்கி வைப்பது நல்லது.

கடன்? அவர் விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பு வரைதான் வாரிசுகள் பொறுப்பு. மனைவி ஜாமீன் கையெழுத்து போட்டிருந்தால் கதை வேறு.