காட்டுக்குள் ஒரு செட்

லெம்மிங் என்கிற துருவப்பகுதி எலிகள் கூட்டம் கூட்டமாகக் கடலில் விழுந்து சாகும் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்பவர்கள் உண்டு. அந்தக் கட்டுக்கதைக்குக் கண்கண்ட சாட்சியாக வந்த படம், டிஸ்னியின் 'ஒயிட் வில்டர்னஸ்' (1958). சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கரையும் வாங்கியது. 1980களில் கனடாவின் சி.பி.சி. தொலைக்காட்சி துருவியபோதுதான் குட்டு உடைந்தது. காட்சி எடுக்கப்பட்ட ஆல்பர்ட்டா மாகாணத்துக்குக் கடலே கிடையாது. எலிகளோ, மனிடோபாவில் இனுவிட் சிறுவர்களிடம் காசு கொடுத்து வாங்கியவை. பனி தூவிய சுழல்மேடையில் ஓடவிட்டு, கொஞ்சம் எலிகளைப் பெரும்படையாகக் காட்டினார்கள். கடைசியில் மேட்டிலிருந்து ஆற்றில் தள்ளிவிட்டார்கள். திரையரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சந்தேகம் வர வழியே இல்லை.

இன்று சந்தேகம்தான் முதலில் வருகிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில் 2009இல் முதல் பரிசு, படல்கதவைத் தாண்டும் ஓர் ஓநாய்க்கு. காட்டு ஓநாய் ஏன் தாண்டப்போகிறது, சட்ட இடுக்கில் நுழைந்து போய்விடாதா என்று கேள்வி கிளம்பியது. பழக்கிய ஓநாயாகவே இருக்கும் என்று முடிவுசெய்து பரிசைப் பறித்தார்கள். எடுத்தவர் மறுத்தார்.

2017இல் அதே போட்டியின் ஒரு பிரிவில் வென்ற படம் இன்னும் அழகு: பிரேசிலில் இரவில் ஒளிரும் கறையான் புற்று, அதை நெருங்கும் ராட்சத எறும்புதின்னி (நம் அலுங்கு இல்லை, வேறு விலங்கு). எமாஸ் தேசியப் பூங்காவின் வாசலில் பாடம்செய்து வைத்திருந்த எறும்புதின்னியோடு வல்லுநர்கள் ஒப்பிட்டார்கள். தலைமுடிக் கற்றைகூட ஒத்துப்போனது. முன்னும் பின்னும் எடுத்த ரா ஃபைல்களை (கேமரா பதிந்த அசல் கோப்புகளை) கேட்டு வாங்கிப் பார்த்தால், எதிலும் விலங்கைக் காணோம். இதை எடுத்தவரும் மறுத்தார், படம் 2018இல் நீக்கப்பட்டது.

இந்தச் சோதனையெல்லாம் மேடையேறும் படத்துக்குத்தான். உத்தராகண்டின் சாத்தால் பக்கம், படமெடுப்பவர்கள் ஒளிந்திருக்கும் ஹைடுக்குள் உட்கார்ந்தால், தீனிக்கு வரும் பறவை, பாசி படர்ந்த கிளையில் வந்து அமரும். கிளையும் கொண்டுவந்து நட்டதே. குறிப்பில் அதைச் சொல்லிவிட்டால் எனக்குப் பெரிய புகார் இல்லை.

தவளை விஷயம் அப்படியல்ல. மழைக்கால இரவில் மேற்குத் தொடர்ச்சி மலையில் டார்ச் அடித்துத் தேடி, கிடைத்த தவளையைத் தூக்கி 'நல்ல' இலையில் வைப்பது, தாவினால் மறுபடி பிடித்து வைப்பது என்று ஒரு வழக்கம் இருக்கிறது. தவளை தோல் வழியாகவும் மூச்சு விடும். விரலில் பூசிய கொசுவிரட்டிக் களிம்பு அதே தோல் வழியாக உள்ளே போகும். ஒரு தவளையின் பூஞ்சைநோய் கைவழியே அடுத்ததற்குத் தொற்றும். இன்ஸ்டாகிராமில் அந்தப் படத்துக்கு ரா ஃபைல் கேட்க ஆளில்லை.